திரும்ப வரும் சொல்

முதல் விலைப்பட்டியலுக்கு
நாற்பத்தேழு என்று எண்ணிட்டாள் வினேத்தா.
ஒன்று என்றால் யார் நம்புவார்கள்?

லியெபாயா. ஐந்தாம் மாடி. சமையலறை மேசை.
மோட்டார் ரம்பம் ஒன்றின் ஜெர்மன் கையேடு
மெல்ல லாட்விய மொழி பேசத் தொடங்குகிறது.

சொல்லுக்கு ஆறு சென்ட்.
திரும்ப வந்தால் காசில்லை என்பது ஒப்பந்தம்.
'எச்சரிக்கை' இருநூற்றுப் பன்னிரண்டு முறை வருகிறது.
விரல்களைக் காக்கிற அந்த வார்த்தைக்கு
ஒரே ஒரு ஆறு சென்ட்.
மீதியைச் சும்மாதான் எழுதினாள்,
ஒன்றையும் விடாமல்.
யாரோ ஒருவன்
நூற்று எண்பதாம் பக்கத்தில்தான்
கையேட்டைத் திறப்பான்.

கெடு தாண்டி அறுபது நாள்.
ஹாம்பர்க்குக்கு மூன்றாம் நினைவூட்டல்.
முதலிரண்டில் இருந்த 'தயவுசெய்து'வை
எடுத்துவிட்டாள்.
தலைப்பில் 'எச்சரிக்கை' என்று அடித்தாள்.

இருநூற்றுப் பதின்மூன்று.