நூற்றுக்கு ஆறு

குழாயில் துப்பிக் கொடுத்து
எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது:
நூற்றுக்கு ஆறு பங்கு ஸ்காட்லாந்து.
“வட்டிக் கணக்கு மாதிரியல்லவா இருக்கு”
என்றான் மைத்துனன் குபேந்திரன்.

பூட்டன் வேலுவுக்குப் பூனைக்கண்.
காய்ச்சலில் வெளுத்துவிட்டது என்பார்கள் வீட்டில்.
அவர் பிறப்புச் சீட்டில்
தகப்பன் கட்டத்தில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே யாரோ பென்சிலால்
‘இம்ரி, ரொட்டிக்காரன், டண்டீ’ என்று எழுதி
பாதி அழித்திருந்தார்கள்.

கடல் தாண்டிய டண்டீ என்று நினைத்து
மூன்று கடிதம் போட்டேன்.
அந்த ஊரில் இம்ரிகள் நிறைய.
சணல் ஆலையில், திமிங்கிலக் கப்பலில், கல்லறையில்.
ரொட்டி சுட்டவன் மட்டும் இல்லை.

நான்காவது கடிதத்துக்கு உட்கார்ந்தபோதுதான்
சுவரில் தொங்கிய நேட்டால் வரைபடத்தில் கண் போனது.
மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம்,
நிலக்கரி தோண்டிய ஊர். டண்டீ.
ஊரை விட்டு வந்தவர்கள்
ஊர்ப்பெயரை விட்டு வரவில்லை.
பக்கத்துக் கிளென்கோவில்தான்
பெரியம்மா மகளைக் கட்டிக்கொடுத்தோம்.
கல்யாணத்துக்குப் போகிற வழியில்
அதே டண்டீயில் பெட்ரோல் போட்டு
காற்றும் பிடித்திருக்கிறேன்.

காப்பகத்தில் செங்கம்மாளைக் கண்டுபிடிக்க
ஒரு காலைப்பொழுது போதும்.
எண் இருக்கிறது. போளூர் தாலுகா இருக்கிறது.
வயது இருபது, உயரம் நாலடி பதினொன்று,
இடது முழங்கையில் தீக்காய வடு.
அவனை யாரும் அளக்கவில்லை.
வெள்ளைக்காரனுக்கு வடு எழுதும் பத்தி கிடையாது.
அவன் காகிதத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை,
திவாலானபோது.

டேவிட் இம்ரி, 1897. உள்ளது:
மாவு பிசையும் தொட்டி இரண்டு, ஒன்றில் விரிசல்.
கைவண்டி. நொண்டிக் கோவேறு கழுதை.
பதினோரு மூட்டை மாவு, நான்கில் வண்டு.
வரவேண்டியது:
சுரங்கத்துக்காரர்கள் தின்ற ரொட்டிக்குப் பாக்கி,
பெயர் பெயராக இரண்டு பக்கம்.

இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து வாசித்தேன்.
சம்பளம் வராத மாதமும் ரொட்டி கொடுத்திருக்கிறான்.
அவனை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அங்கேதான்.
கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.
அடுத்த பக்கம் இருந்தது.

கொடுக்க வேண்டியது:
டர்பன் மாவு வியாபாரிக்கு நூற்றுப் பத்துப் பவுன்.
விறகுக்கு. லாடத்துக்கு.
கடைசி வரியில்,
‘சிங்காமா, கூலிக்காரி, சாக்குத் துவைத்தது,
பதினான்கு மாதச் சம்பளம்,
மூன்று பவுன் பத்து ஷில்லிங்.’

வேலு பிறந்தது அந்தப் பதினான்கு மாதத்துக்குள்.

விருப்பமா, போக்கிடம் இல்லாமலா,
அடுப்படிச் சூட்டில் படுக்க இடம் என்றா,
கோப்பு சொல்லாது.
நானும் சொல்லப் போவதில்லை.
இரண்டு பேரும் ஒரே தாளில் இருப்பது
எனக்குத் தெரிந்து இங்கே மட்டும்தான்:
கடன்காரர் பட்டியல்.

தமிழில் ஒரு வசதி,
கொடுத்தவனும் கடன்காரன்
வாங்கியவனும் கடன்காரன்.
அந்தக் குமாஸ்தாவுக்கு
இரண்டு பத்தி தேவைப்பட்டது.

கழுதையும் வண்டியும் ஏலம் போனபின்
பவுனுக்கு இரண்டு ஷில்லிங் என்று தீர்த்தார்கள்.
அவளுக்கு ஏழு ஷில்லிங்.
வாங்கியதற்குக் கைநாட்டு வைக்கும் இடம்
வெறும் தாள்.
அதன்மேல் கொஞ்ச நேரம்
என் கட்டைவிரலை வைத்திருந்தேன்.
காப்பாளர் இருமினார்.

போன சனிக்கிழமை டண்டீக்குப் போனேன்.
கடை இருந்த மனையில் டயர் விற்கிறார்கள்.
எதிரே ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு
காருக்கு வந்தால் குபேந்திரன் போனில்:
“ஏழு ஷில்லிங்குக்கு
இன்றைய தேதி வரை வட்டி போட்டுப் பார்க்கட்டுமா?”
“முதலே இன்னும் வரவில்லை” என்றேன்.

ரொட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.
வெட்டாத ரொட்டி, அடியில் இன்னும் சூடு.
கிளென்கோ திருப்பத்தில் அது சரிந்தபோது
கை தானாகப் போய்ப் பிடித்தது.