ஒரு நாள் மிச்சம்

துறைமுக அலுவலகச் சீட்டில்
சிதாத்தி இறந்தது செவ்வாய்க்கிழமை.
மஃரிப் பாங்கு முடிந்து,
விளக்குப் போட்ட பிறகுதான்
மூச்சு நின்றது.
எங்கள் கணக்கில் அது புதன்.

நான்கு பிறை, பத்து நாள்.
நாத்தனார் தெஸ்லெம் சீட்டை வைத்து எண்ணி
நேற்றே சுர்மாச் சிமிழோடு வந்துவிட்டாள்:
"இத்தா முடிந்தது, லாலியா.
இன்னும் என்ன?"

இன்னும் ஒரு நாள்.
அவனோடு தகராறு செய்யவும்
அந்தப் பழைய வலைக்கடனைக் கேட்கவும்
எனக்கு அது வேண்டியிருந்தது.

இன்று நூவாதிபூ முழுக்க மணற்காற்று.
சூரியன் விழுந்ததே தெரியவில்லை;
மீன் லாரிகள் விளக்கெரித்ததும்
எழுந்தேன்.

எங்களுக்கு நாள் இருட்டில்தான் பிறக்கும்,
பகல் பிறகு வரும், வந்தால்.

ஒரு கண்ணுக்குத் தீட்டினேன்.
மற்றதில் மணல்.