வால் வேற

நீலப் போர்வை விரித்தால் கடல்.
அட்டை மீன்கள் பதினொன்று,
வாயில் ஒரு கிளிப்,
வயிற்றில் ஒரு பெயர்.
காந்தம் கட்டிய குச்சியோடு
நாற்காலிப் படகில் ஐவின்ட்.

லோஃபோடனில் டிசம்பர். மணி பத்தரை.
ஜன்னலில் இன்னும் இருட்டு.

மாட்டியது எம்ப்லாவின் மீன்.
இருவர் பெயருக்கும் தலை ஒன்றே,
மூன்று பல் சீப்பு.
போன வாரம் இதைத்தான்
என்னுடையதென்று
கட்டிப்பிடித்து அழுதான்.

இன்று
மூக்கொழுக உற்றுப் பார்க்கிறான்.
முதலிலிருந்து கடைசி எழுத்துவரை
விரல் போய்வருகிறது.

"வால் வேற."

சின்ன மீனைக் கடலுக்கே திருப்பிவிடும்
அப்பாவின் முகத்தோடு வீசுகிறான்.

கைதட்ட நான் கையெடுப்பதற்குள்
போர்வையின் அக்கரையில்
எம்ப்லா எழுந்து நிற்கிறாள்:

"அது நான்!
என்னை ஏன்டா தூக்கி எறிஞ்சே?"