பி எச் டி எச்

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஒரு தூணுக்கு எதிரே கடை.
அக்ரிலிக் என்றால் எழுத்துக்கு நூற்றிருபது.
ஸ்டீல் என்றால் கேட்கவே வேண்டாம்.
இடைவெளிக்குக் காசு வாங்குவதில்லை.

டாக்டர் பெனிட்டா ரோஸ் கொடுத்த தாளில்
கண் வைத்தியருக்குப் பதினைந்து எழுத்து.
ஆப்தால்மாலஜிஸ்ட்.
விரலால் தொட்டு இரண்டு முறை எண்ணினேன்.
முதல் எழுத்தைத் தாண்டியதும்
இடையில் ஓர் உயிர்கூட இல்லாமல் நாலு நெருங்கி நிற்கின்றன,
பி, எச், டி, எச்,
களியக்காவிளை பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்த
நாலு கைகள் மாதிரி.

இந்த நாலும் வேறெங்கே சேர்ந்து நிற்கும்?
ராத்திரி செல்போனில் தேடி
பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.
என்றைக்காவது போர்டு இறங்கினால்
எழுத்து வீணாகக் கூடாதே என்று ஒரு கணக்கு.

டிப்தீரியா: தொண்டையில் தோல் படர்ந்து மூச்சை அடைப்பது.
இதற்கு யார் போர்டு வைப்பார்கள்?

நாப்தலீன்: பாச்சா உருண்டை.
எப்சிபாவின் கல்யாணப் பட்டு மடிப்பில் இருக்கிறது.
பதினோரு வருஷமாக எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு
அந்த மணம்தான்.

தைசிஸ்: உடம்பை உருக்கும் சயரோகம்.
எழுதும்போது முன்னால் பி எச் வரும், வாய் அதைச் சொல்லாது,
இருமலுக்கு முந்தைய இரண்டு நொடி போல.

ஃபினால்ஃப்தலீன். இதுவும் பதினைந்து.
பிளஸ் டூ லேபில் நிறமில்லாத தண்ணீர்,
பியூரெட்டில் ஒரு சொட்டு கூடினால் ரோஸ்.
எனக்கு எப்போதும் கூடியது.
வாத்தியார் சிவப்பு மையில் எழுத்துப்பிழையைத் திருத்தினார்.
ரோஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எக்ஸாப்தால்மோஸ்: கண்முழி வெளியே துருத்துவது.
அர்த்தம் பார்க்காமலே இது தெரியும்.
குளச்சலில், ஆழத்திலிருந்து அவசரமாய் இழுத்த களவா மீன்
மணலில் கிடந்து
வானத்தைப் பார்த்த பார்வை.

டிப்தாங்: இரண்டு உயிர் ஓர் ஒலியாய் வழுகுவது.
நம்மிடம் ஐ உண்டு, ஔ உண்டு.
ஆளுக்கொரு தனி எழுத்தே கொடுத்துவிட்டார்கள்.
எழுத்துக்குக் கூலி வாங்குகிறவனுக்கு அதில் நஷ்டம்.

ஐப்பசி மழையில் பி-க்கு அடுத்த எச் விழுந்தது.
டாக்டர் தினமும் அதன் கீழேதான் கார் நிறுத்தினார்.
உள்ளே போகிறவர்களுக்குக் கண் தெரியாது,
வெளியே வருகிறவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி.
எந்த வாயும் அந்த எச்சைச் சொன்னதில்லை,
ஆகவே சத்தத்தில் குறைவில்லை.
எனக்கும் தெரியவில்லை. அதுதான் மானக்கேடு.

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தங்கநேசம்
கட்டு அவிழ்த்த நாலாம் நாள்
பஸ்ஸுக்கு நின்றவள் ரோட்டைத் தாண்டிக் கடைக்கு வந்தாள்.
"ஓய், அங்ஙன ஒரு பல்லு போயிருக்கு, பாத்தீரா?"
இங்கிலீஷ் தெரியுமா என்றேன்.
"எனக்கு என்னத்துக்கு?
பட்டையில வெட்டு ஒண்ணு விட்டுப்போனா
விடியதுக்கு முன்னயே தெரியும். இது பகலாக்கும்."

கையிருப்பில் எச் இல்லை.
நாகர்கோவிலிலிருந்து ஷீட் வர செவ்வாய் ஆகும்.
எப்சிபா கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்து
தன் பெயரை அண்ணாந்து பார்த்தாள்.
கடைப் போர்டில் ஒன்பது எழுத்து. அதில் மூன்று எச்.
எங்கள் வாயில் மூன்றுக்குமே சத்தமில்லை,
கடைசியதற்கு இங்கிலீஷ்காரன் வாயிலும் கிடையாது.
அவள்மேல் பிரியம் என்று அர்த்தமாம்,
கல்யாணத்தன்று பாஸ்டர் சொன்னது.
"அந்தக் கடைசிய எடும்," என்றாள்.
"கூப்பிட்டா நான் வருவேன்லா."

அங்கே நீலம், எங்களுடையது பச்சை.
ஏணியைப் பிடிக்க ஜெனிஷ் இருந்தான்.
நாலு திருகாணி, கொஞ்சம் பசை.

இப்போது போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று
தலை தூக்கிக் கேட்கிறார்கள்,
அது ஒன்று மட்டும் ஏன் பச்சை என்று.