செம்பின் வாசல்

ரிம்மா அர்காத்யெவ்னா
முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவள்,
நோரில்ஸ்க் செம்பு உலையின் கூரையோரம்
ஒரு கண்ணாடிக் கூண்டில்.
கந்தகப் புகை தொண்டையில் இனிக்கும் என்பாள்.

அந்த ஊருக்குச் சாலை கிடையாது.
விமானம், இல்லையேல் கோடையில் ஆறு.
மீதி உலகத்தை அவர்கள் பெருநிலம் என்கிறார்கள்.
பெருநிலத்தில், க்ரஸ்னயார்ஸ்கில்,
என் மேசைக்கு வந்து சேர்ந்த
அவள் இடது நுரையீரல் துணுக்கு
ஒரு பருக்கை அளவுகூட இல்லை.

ஏற்றப்போவது பிளாட்டினம் என்றதும்
சிரித்தாள், இருமல் வரும்வரை.
"இதற்காகத்தானே கேட்டில் நிறுத்தினார்கள்?
பூட்ஸைக் கழற்றி, பின்னலை அவிழ்த்து,
பல்லிடுக்கில் விளக்கடித்து,
ஒரு சிட்டிகைப் பொடி வெளியே போய்விடாமல்!
இப்போது பை பையாகச்
சும்மா தருகிறீர்களே."

செல்லில் பிளாட்டினத்துக்கென்று வாசல் இல்லை.
செம்புக்கு உண்டு;
உயிருக்குக் கொஞ்சம் செம்பு வேண்டியிருக்கிறது.
அந்த வாசலில் செம்போடு செம்பாக
இதுவும் நுழையும்.
நுழைந்து, மரபிழையில்
அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளைச்
சேர்த்துத் தைத்துவிடும்.
தைத்ததை விரித்துப் படிக்க முடியாது.
இரண்டாகப் பிரிய வேண்டிய நாளில்
பிரிய முடியாமல்
செல் செத்துப்போகும்.

மூன்று சுற்று அப்படித்தான் நடந்தது.
கட்டி பாதியானது.
முடி போயிற்று. விரல் நுனிகள் மரத்தன.
காதில் ஓயாத ஓர் இரைச்சல்.
"உலை என் பின்னாலேயே
விமானம் ஏறி வந்துவிட்டது" என்றாள்.

நான்காவதில் படம் அப்படியே இருந்தது.
ஐந்தாவதில் வளர்ந்திருந்தது.

"எங்கே கற்றுக்கொண்டது இதை?"

என்னிடம் அவளுடைய செல்கள் இருந்தன,
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்,
இளஞ்சிவப்பு நீரில்.
மருந்து விட்ட மறுநாள்
உருண்டு, பிடி விட்டு, குப்பையாய் மிதந்தன.
தட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு கூட்டம்
ஒட்டியபடியே.

பார்த்தால், அவற்றில் பாதி
செம்பின் வாசலையே சாத்தி வைத்திருந்தன,
அரைப்பட்டினியாய்க் கிடந்தாலும் சரி என்று.
வாசல் திறந்த வேறு சில,
வந்ததைக் கந்தகம் தோய்ந்த சிறு மூலக்கூறில் பொதிந்து
பின்பக்கமாய் வெளியே இறைத்தன,
ஓட்டைப் படகில் உட்கார்ந்தவன் போல.
தையல் பிரிக்கத் தெரிந்தவையும் இருந்தன.

கந்தகமா, என்றாள்.
"அது என்னிடம் நிறைய உண்டே."

கற்றுக்கொள்ளவில்லை, ரிம்மா.
முதல் சொட்டு இறங்கும் முன்பே
லட்சத்தில் ஒன்று அப்படி இருந்திருக்கும்,
ஏதோ எழுத்துப் பிழையில்,
மற்றவற்றைவிட மெதுவாக,
இடமில்லாமல்.
நாங்கள்தான் இடத்தைக் காலிசெய்தோம்.

நாங்கள் என்ற சொல்
வாயில் கொஞ்ச நேரம் நின்றது.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:
"கேட்டில் சோதனை இறுக இறுக
ஒவ்வொருத்தராய் மாட்டினார்கள்.
கெட்டிக்காரர்கள் எல்லாரும் உள்ளே போனார்கள்.
கடைசிவரை மாட்டாதவள் கிளாவ்தியா.
அசடு. கணக்குகூடத் தெரியாது.
ஆனால் சிறுவயதிலிருந்தே
அவளுக்கு ஒரு கண் கண்ணாடி.
அதைக் கழற்றென்று சொல்ல
எந்தக் காவலனுக்கும் வாய் வரவில்லை."

ஆறாவது சுற்றை வேண்டாம் என்றுவிட்டு
நவம்பரில் ஊருக்குப் பறந்தாள்,
சூரியன் எழாத மாதங்களுக்குள்.

நான் மருந்தைப் படிப்படியாகக் கூட்டுகிறேன்.
தட்டு நிரம்புகிறது. பிரித்து வேறு தட்டில் இடுகிறேன்.
அதுவும் நிரம்புகிறது.

போன வாரம் தொலைபேசியில்,
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே,
"கிளாவ்தியா எப்படி இருக்கிறாள்?" என்றாள்.

நன்றாகச் சாப்பிடுகிறாள், என்றேன்.