கன்னத்தில் விழுந்த பெருவிரல்

நுஸ்கி பாய்கிற படம், இது மூன்றாவது.
முதலாவதைப் பார்த்து
"நித்திரை கொள்ளுறான்" என்றாள் மெர்லின்.
இரண்டாவதில் கட்டிலிலிருந்து விழுகிறானாம்.

ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு சனிக்கிழமை,
எழுபத்தெட்டாவது நிமிடம்,
வலது மூலைக்கு வந்த பெனால்ட்டியை
அவன் விரல்நுனியால் தட்டிவிட்டதை
கம்பிவேலியின் ஒரு கண்ணுக்குள்ளால் பார்த்தேன்.
அந்த அரைச் செக்கனை வைத்துக்கொண்டு
மூன்று கிழமையாக இருக்கிறேன்.

பகலில் மருந்துக்கடை.
ஆள் வராத நேரம்
வெறும் குளிசைப் பெட்டிகளைப் பிரித்து
உட்புறத்தில் ஐந்து கட்டம் போடுவேன்.
முதல் கட்டம் வெள்ளைக்குக் கிட்ட,
ஐந்தாவது கறுப்பு.
என் ஐந்தாவது எப்போதும் மூன்றாவதுபோலவே வரும்.
கை பயப்படுகிறது.
அழுத்தினால் அழிக்க ஏலாது என்று
சின்ன வகுப்பில் யாரோ சொன்னது
இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

நிலாவெளியில் இறங்கினால்
முழங்கால், தொடை, இடுப்பு என்று
கடல் உன்னைக் கேட்டுக் கேட்டு ஆழமாகும்.
உட்துறைமுகத்தில் அப்படி இல்லை.
கல்லிலிருந்து ஒரு எட்டு,
பிறகு கப்பல் நிற்கிற ஆழம்.
கன்னத்துக்கு நிலாவெளி,
தாடைக்குக் கீழே துறைமுகம்:
இப்படிப் பெட்டியின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.
எழுதுவது லேசு.

சிக்ஸ் பி பென்சில் ஒன்று வாங்கினேன்.
மயிரைக் கறுப்பாக்கினேன்.
விளக்கின் கீழ் அது ஈயப்பாத்திரம்போல மினுங்கியது.
விரலால் தேய்த்தேன், நெற்றிக்கும் பரவியது.
பாண் துண்டை உருட்டி ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
எறும்பு வந்தது.

சரி, போதும் என்று
கடைக்கதவடி வெயிலில் பிடித்துப் படமெடுத்து
மெர்லினுக்கு அனுப்பினேன்.
அவள் தன் மச்சானுக்கு,
அவன் தன்னோடு பந்தடிக்கிறவர்களுக்கு.
இரவு பத்து மணிக்கு முதல்
நுஸ்கி பாலம் கடந்து
கிண்ணியாவுக்குப் போய்விட்டான்.

எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்:
அந்தக் கன்னத்து நிழல்!
எப்படி அந்த மென்மை,
கண்ணுக்குக் கீழே தொடங்கி வாயோரம் கரைகிறதே.
ஒருவர் பென்சிலின் பெயர் கேட்டார்.

கொப்பியைத் திறந்து பார்த்தேன்.
கன்னம் வெறும் தாள்.
அங்கே நான் ஒரு கோடும் போடவில்லை.
போனைப் பிடித்த என் பெருவிரல்
வெயிலை மறித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மெர்லினிடம் மட்டும் சொன்னேன்.
அவள் சிரித்து முடிய நேரமெடுத்தது.
அன்றிரவு மேசைவிளக்கை இழுத்து
அதே இடத்தில் பெருவிரலைப் பிடித்தேன்.
வலது கையால் அந்த நிழலைக் களவெடுத்தேன்,
சாய்கோடுகளாக, மூச்சை அடக்கி.
இடது கை விறைத்தது.
இரண்டு மணிக்கு
கன்னம் கொஞ்சம் திரும்பியது.

வியாழக்கிழமை அவன் கடைக்கு வந்தான்.
ஒட்டுப்பட்டி ஒரு சுருள், வலிக்குப் பூசுகிற களிம்பு.
என்னைத் தெரியாது, படம் வரைந்தவள் என்று தெரியாது.
நானும் சொல்லவில்லை.
குழல்விளக்குக்குக் கீழே நின்றான்.
தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில்
நான் துணியாத அந்த ஐந்தாவது கட்டம்
சும்மா, இலவசமாக, அங்கே இருந்தது.
பார்த்துக்கொண்டே மிச்சக்காசைப் பிழையாகக் கொடுத்தேன்.

கதவடியில் நின்று எண்ணினான்.
திரும்பி வந்தான்.
"கூடத் தந்துட்டீங்க."
கண்ணாடி மேசையில் ஐம்பது ரூபாயை வைத்த கை
கையுறை இல்லாத கை.
சின்ன விரல் முழுதாக நிமிராது,
எங்கோ முறிந்து தன்பாட்டில் பொருந்தியது,
அதன் வளைவுக்குள்ளே ஒரு துளி இருட்டு.

மூன்று படத்திலும் நான் அதை நேராக வரைந்திருக்கிறேன்.

நாலாவதில் பந்து இல்லை, கம்பம் இல்லை.
ஒரு கை, ஒரு தாள்காசு.
விரலடியில் அழுத்தினேன்.
பென்சில் முனை உடைந்தது.
சீவிவிட்டு
இன்னும் அழுத்தினேன்.