தன்மை ஒருமை

ஆறு ஐம்பதுக்கு மனைவி
ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறாள்.
எட்டேகாலுக்கு மகளைப் பள்ளியில் விடுகிறேன்.
எட்டரைக்கு,
கோட்டும் சூட்கேசும் அடைந்த சாமான் அறைக்குள்
வேலைக்குப் போகிறேன்.

ஒரு ஸ்டூல், ஒரு ஹெட்செட், ஒரு மேசை விளக்கு.
கம்பளி சத்தத்தைக் குடித்துவிடும் என்பதால்
பழைய குளிர்ச் சட்டை ஒன்றையும் நான் எறிவதில்லை.

பீல் நகரம் மணிக்கூடு செய்து விற்கிறது.
அதே ஊரின் நாலாம் மாடியில்
நான் நிமிடம் விற்கிறேன்.
பகலில் நிமிடத்துக்கு ஒன்றரைப் பிராங்,
இரவிலும் ஞாயிறிலும் இரண்டேகால்.
ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும்
தொலைபேசியில் மொழிபெயர்க்கிறேன்.
ஹோட்டல் குசினியில் பதினொரு வருஷம்
சட்டி கழுவி உழைத்ததைவிட இது கூட.
கையில் வெடிப்பும் இல்லை.

யாரும் நம்புவதில்லை.
கோயிலில் கண்டால் பாலேந்திரா அண்ணர்
குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்,
"இன்னும் வீட்டிலதானோ, தம்பி?"
வரிக்காரர் அனுப்பிய கடிதத்தை
வேட்டி மடிப்பில் கொண்டுபோயிருக்கலாம்
என்று தோன்றும்.

இந்த வேலைக்கு ஒரே விதி.
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது.
படர்க்கைக்கு இடமில்லை.
யார் பேசுகிறாரோ அவராகவே பேச வேண்டும்.
நான்.
எப்போதும் நான்.

ஆகையால் இந்தப் புதன்கிழமை
எட்டு நாற்பதுக்கு நான் ஏழு மாதக் கர்ப்பிணி,
கால் வீங்கிப்போயிருக்கிறது.
ஒன்பதரைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் கொதிக்கிறது,
அடுத்த மூச்சில் நானே பல் வைத்தியர்,
பயப்படாதீர்கள் என்கிறேன் எனக்கு.

புதன் பின்னேரம் பள்ளி இல்லை.
ஆரணிக்குத் தெரியும்,
கைப்பிடியில் சிவப்புத் துணிக்கிளிப் இருந்தால்
இரத்தமோ புகையோ கண்டால் மட்டும் தட்டலாம்.
அவளுக்கு ஆறு வயது. விதிகளை மதிக்கிறவள்.

இரண்டு பத்துக்கு மணி அடித்தது.
சமூக உதவி அலுவலகம். ஒரு பெண் குரல்.
அவள் தமிழில் சொல்லச் சொல்ல
நான் ஜெர்மனில் சொன்னேன்:
எனக்கு வேலை இல்லை.
மூன்று மாத வாடகை கட்டவில்லை.
பிள்ளைக்குச் சப்பாத்து சின்னதாகிவிட்டது,
பெருவிரலை மடக்கிக்கொண்டு நடக்கிறது.
எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவள் அழுதாள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
ஆனாலும் நிமிடம் ஓடியது.

அப்போதுதான் கதவடியில் ஏதோ சுரண்டியது.
இருபது ராப்பன் ஒன்று உள்ளே வந்தது.
இன்னொன்று.
ஒரு பிராங், இரண்டு பிராங்,
பல் விழுந்ததுக்கு மாமி கொடுத்த ஐந்து பிராங்
தடிப்புக் கூடி இடுக்கில் இறுகி நின்றது.
சாவித் துவாரத்தால் ஒரு மூச்சு:
"அப்பா, என்ரை சப்பாத்து இன்னும் காணும்."

என் குரல் பிசகவில்லை.
பிசகாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.
எந்தத் திகதியிலிருந்து பாக்கி என்று கேட்டேன்,
அதிகாரியாக.

கதவைத் திறந்தபோது
நிலத்தில் குப்புறப் படுத்திருந்தாள்,
உண்டியல் மூடி கழன்று பக்கத்தில்.
"அது அப்பா இல்லை, அம்மாச்சி."
"நீங்கள் 'நான்' என்றுதானே சொன்னீங்கள்?"
"வேறை ஒரு ஆள்."
"ஆர்?"
சொல்லக் கூடாது. கையெழுத்து வைத்திருக்கிறேன்.

காசைப் பொறுக்கி அவள் கையில் வைத்தேன்.
வாங்கவில்லை.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்,
"அந்தப் பிள்ளைக்கு எத்தினையாம் நம்பர் கால்?"

எனக்குத் தெரியாது.
வாயில் வந்ததைத் தவிர
வேறெதையும் கேட்க எனக்கு அனுமதியில்லை.

இரவு அவள் தூங்கிய பின் பில் எழுதினேன்.
நாற்பத்தொரு நிமிடம்.
அறுபத்தொரு பிராங் ஐம்பது.
நல்ல நாள்.

ஐந்து பிராங் மட்டும் இன்னும் கழரவில்லை.
கத்தி நுனியால் தெண்டிப் பார்த்தேன்.
அறைக்குப் போகும்போதும் வரும்போதும்
கதவு அதில் உரசுகிறது.